திருட்டுச் செடி

ராஜாம்பாள் எதிர்வீட்டு வாசலில் கடப்பாரையோடு நின்றாள்.

"எங்கூட்டு டெய்சிச் செடியில திருட்டுத்தனமா ஒடிச்சு நட்டதுதானடி இது?"

"திருடி நட்டாத்தான்க்கா பூக்கும்," என்று சிரித்தாள் நிர்மலா. "உன்னுது எங்க பூத்துது?"

அதுதான் எரிந்தது. எருவும் மீன் கழுவிய தண்ணீரும் ஊற்றி வளர்த்த தாய்ச்செடி, ஒரு மொட்டுகூட வைக்காமல் பட்டுப்போனது. ஒடித்து நட்டதோ இங்கே மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது. தடுத்த நிர்மலாவைக் கீழே தள்ளிவிட்டு, புதரை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து தன் வாசலில் நட்டாள்.

சாயங்காலம் போலீஸ் வேன் வந்தது. இட ஒதுக்கீட்டு மறியலில் கச்சிராயபாளையம் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நேராக ராஜாம்பாள் வீட்டுக்குள் புகுந்து, சோற்றில் கை வைத்திருந்த அவள் புருஷனின் முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முழங்காலில் லத்தி விழுந்தது. அடுத்த அடியில் பல் தெறித்தது.

"ஐயா, எம்புருஷன் மறியலுக்கே போவலீங்க! வெட்டினவன் எதிர்வூட்டுக்காரன்!"

"மஞ்சப் பூ பூத்திருக்கிற வூடுன்னுதான் தகவல்," என்றார் ஏட்டு.

ராஜாம்பாள் தன் வாசலில் நட்ட செடியைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டேஷனுக்கு ஆள் விட்டு அந்தத் தகவலைச் சொன்னவளே அவள்தான். போலீஸ் வந்தால் செடியை மிதித்துத் துவைத்துவிடுவார்களே என்றுதான், அவர்கள் வருமுன்னே பெயர்த்து வந்திருந்தாள்.