மேற்குச் சுவர்

"அண்ணி, போகாதீங்க! டூர்பெக் மேல கோட்டையிலதான் இருக்கான். துப்பாக்கியோட ஏறிப் போனதை என் கண்ணால பார்த்தேன்."

நிலவறைப் படியில் நின்று அண்ணி கிரெசென்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள் நோட்பூர்கா. உள்ளே கிரெசென்ஸின் பிள்ளைகள் இருவரும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஒண்டிக்கிடந்தார்கள்.

"அவனுக்குப் பயந்து இங்கேயே உட்கார்ந்திருந்தா, அடுத்த குண்டு நம்ம தலையில விழும். பேசாம சுத்திவிடு. வெளியே தெரியாம."

நாத்தனார் முனகிக்கொண்டே வெள்ளைப் படுக்கை விரிப்பை அவள் வயிற்றில் சுற்றி, மேலே பாவாடையை இழுத்துக் கட்டிவிட்டாள்.

நாற்பத்தைந்தாம் வருஷத்து ஏப்ரல். ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்கர்கள் வந்துவிட்டார்கள். மலைமேல் இடிந்துகிடக்கும் கோட்டையில் வெள்ளைத் துணி தெரிகிறவரை பீரங்கி ஓயாது என்று ஒலிபெருக்கியில் ஜெர்மன் மொழியிலேயே சொல்லியும்விட்டார்கள். ஊர் மலைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் இருப்பதால், அவர்கள் கண்ணில் படுவது கோட்டையின் மேற்குச் சுவர் ஒன்றுதான்.

வெள்ளை காட்டுகிறவனைத் தூக்கில் போடுவேன் என்று கட்சியின் ஊர்த் தலைவர் டூர்பெக் முழங்கியிருந்தார். கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை போராடுவோம் என்பார். அந்த ரத்தம் எப்போதும் மற்றவர்களுடையதுதான். ஆனாலும் வெறும் மிரட்டல் என்று ஒதுக்க முடியாது. பக்கத்து ஊர் ரொட்டிக்கடைக்காரரை மரத்தில் தொங்கவிட்டது அவருடைய ஆட்கள்தான்.

கோட்டை வாசல் வளைவில் பாதிதான் மிச்சம். அதன் நிழலில் நின்றிருந்த டூர்பெக், புதர் சலசலத்ததும் துப்பாக்கியைத் தூக்கினார்.

"நில்லு! எங்கே கிளம்பிட்டே?"

"முயலுக்குத் தழை பறிக்க வந்தேன், தலைவரே." கூடையைக் காட்டினாள் கிரெசென்ஸ்.

"ஊர்ல குண்டு விழுது. உன் முயலுக்கு இப்பத்தான் பசிக்குதாக்கும்?"

"அதுக்குச் சண்டையெல்லாம் தெரியுமா, தலைவரே?"

அவர் பார்வை இறங்கி அவள் இடுப்பில் நின்றது. "அது சரி, ஊரே ரேஷன் ரொட்டியில காய்ஞ்சு கிடக்கு. நீ மட்டும் எப்படி இப்படி உப்பிட்டே?"

கிரெசென்ஸுக்கு உயிரே போய்விட்டது. ருஷ்யப் போர்முனைக்குப் போன கணவன் விடுப்பில் வந்து இரண்டு வருஷமாகிறது. அது ஊருக்கே தெரியும். மானமா உயிரா என்று யோசிக்க நேரமில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா! அடிப்பாவி, அங்கே அவன் நாட்டுக்காகக் குளிர்ல சாகறான், நீ இங்கே..."

அவர் முடிப்பதற்குள் மலைக்குக் கீழே குண்டு வெடித்தது. தேவாலயத்தின் பக்கம் புகை எழுந்தது. "ஐயோ, என் பிள்ளைங்க!" என்று அலறினாள் கிரெசென்ஸ்.

"இன்னுமா சுடறானுங்க!" டூர்பெக்கின் முகம் வெளுத்துவிட்டது. "ஓடு, வீட்டுக்கு ஓடு! ஒரு அடி உள்ளே வெச்சே, சுட்டுடுவேன்!"

வளைவு மறைகிறவரை இறங்கினாள். அப்புறம் பாதையை விட்டு, வறண்ட அகழிக்குள் சரிந்து, கல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறினாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

மேற்குச் சுவரில் ஒரு சன்னல் பொந்து இருந்தது. அதன்கீழ் குவிந்திருந்த கற்களில் ஏறி, பாவாடையைத் தளர்த்தி விரிப்பை உருவினாள். பாதி உருவும்போதே பின்னால் துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் சத்தம் கேட்டது.

"ஆறு மாசம்னு சொன்னே?"

கிரெசென்ஸ் திரும்பினாள்.

"தலைவரே, எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. என்னை என்ன வேணா செய்யுங்க, இதை மட்டும் கட்டவிடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

டூர்பெக் வாசல் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"இரட்டைக் கட்டில் விரிப்பா?"

"ஆ... ஆமா."

"அப்ப சீக்கிரம் கட்டு. விடியறதுக்கு முன்னாடியே என் வீட்டு வெள்ளை மேசைத் துணியை இந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் தொங்கவிட்டேன், சின்னதா இருக்குபோல, பாவிங்க கண்ணுல பட மாட்டேங்குது" என்றவர், முடிச்சை இறுக்கியதும் துப்பாக்கியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "ஆனா கீழே போய் யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, தேசத்துரோகின்னு தூக்குல போட்டுடுவேன்!"