உபயமாக வந்த சேஸிஸ்

யாழினி செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். ரைபிள் கிளப் கமிட்டிக்கு வந்தது. கமிட்டி என்றால் மூன்று பேர்தான், ஆனால் மூன்று பேருக்கும் வந்தது.

திருச்சியில் இருக்கிற அந்தக் கிளப்பிடம் ஒரே ஒரு பாயின்ட் டூ டூ ரைபிள்தான் உண்டு. குழாயைத் தாங்கித் தோளில் முட்டுகிற கம்பெனி மரக்கட்டையோடு அப்படியே இருக்கிறது. ஆறடி ஆளுக்குச் செய்த கட்டை. பிளஸ் டூ படிக்கிற ஜீயபுரத்து யாழினிக்கு அது நீளம். கன்னம் வைக்கிற இடத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் சுடுவாள். அப்படிச் சுட்டே, மாநில அணித் தேர்வுக்குக் கிளப் சார்பில் போகிற ஒரே ஆள் என்று பெயர் வாங்கிவிட்டாள்.

கிளப் தலைவர் வெங்கட்ராகவனுக்கு மனசு உருகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர். தர்மவான். கிளப் டியூப் லைட்டில் 'உபயம்' என்று தொடங்கி அவர் பெயர், அப்பா பெயர், வீதி, கதவு எண் வரை எழுதியது போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும்.

மரக்கட்டையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டிக்கொள்ள வெளிநாட்டு அலுமினிய சேஸிஸ் ஒன்றை வரவழைத்தார். ஆளுக்குத் தகுந்தபடி நீட்டலாம், குறுக்கலாம், கன்னத்துக்கு ஏற்றி இறக்கலாம். வாங்குமுன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுக்கிறவர் எதற்குக் கேட்க வேண்டும்? பார்சல் வந்த அன்றே இரண்டு பக்கமும் உபயத்தைச் செதுக்கி, போட்டோ எடுத்து, யாழினி கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கிறார். சேஸிஸ் பெட்டிக்குள் கிடக்கிறது. யாழினி பழைய கட்டையில் துண்டைச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

உடனே கமிட்டி கூடியது.

"ஏம்மா, நான் குடுத்ததுல என்ன குறை?" என்றார் தலைவர்.

"குறை ஒண்ணும் இல்லைங்க சார். எனக்குக் கட்டைதான் பழகிருச்சு."

"துண்டைச் சுத்திண்டு சுடறது ஒரு பழக்கமா? ஊரே சேஸிஸுக்கு மாறிண்டிருக்கு. என் பேர் இருக்கறது பிடிக்கலையோ?"

"அதெல்லாம் இல்லைங்க சார்."

"அப்போ மாட்டு. இப்பவே என் கண் முன்னாடி மாட்டு."

யாழினி தலை குனிந்துகொண்டாள். அதற்குள் செயலாளர் சரத்குமார் எழுந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு சார் வேலை மெனக்கெட்டுக்கிட்டு? மனசு இல்லாத பிள்ளையை மாட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? வாங்குற வரைக்கும்தான் சார் இதுங்களுக்கு மரியாதை."

"கோச் என்ன சொல்றேள்?"

கோச் ஜோஸ் ஃபேனைப் பார்த்தார். அதிலும் உபயம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"கமிட்டி முடிவுதாங்க சார் என் முடிவும்."

"பெருமாள் கிருபையில எனக்குக் கோபமே வராது," என்றார் தலைவர் கோபமாக. "ஞாயித்துக்கிழமை தேர்வுக்கு நானே போட்டோகிராஃபரோட வரேன். சேஸிஸ்ல சுடறேன்னு சொல்லு. இல்லேன்னா நீ போக வேண்டாம்."

யாழினியின் அப்பா பாலு வாழைத்தார் ஏற்றி இறக்குகிற லோடுமேன். மாநில அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கேட்கலாம் என்று வீடே காத்திருந்தது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சுடுகிற தோட்டாவும் மாதாமாதம் தலைவர் தருவதுதான். யாழினி அவர்களைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்குக் கட்டையே போதும்."

"பார்த்தேளா திமிரை?"

சரத்குமார் மினிட் புக்கை எடுத்தார். நன்றியில்லாத நடத்தைக்காக யாழினியின் பெயர் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்று அழகான கையெழுத்தில் எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

தலைவரின் கார் கேட்டைத் தாண்டும்வரை செயலாளர் கைகூப்பி நின்றார். பிறகு உள்ளே வந்து, யாழினியை நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"எங்க சொல்லிருவியோன்னு பயந்தே போயிட்டேம்மா. அது வேற மாடல் ரைபிளுக்கு உள்ள சேஸிஸ். நம்ம ரைபிள் அதுல உக்காரவே உக்காராது."

யாழினி நிமிர்ந்தாள். "உங்களுக்கும் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? வந்த அன்னிக்கே நானும் ஜோஸும் மாட்டிப் பார்த்தோம். மாத்திக் கேக்கலாம்னா, பேரைச் செதுக்கின பொருளைக் கடைக்காரன் தொட மாட்டேங்கிறான். இதைத் தலைவர்கிட்ட யாரு சொல்றது? அவமானமாப் போச்சுன்னு தோட்டாவை நிறுத்திருவாரு."

"அதுக்குத்தாங்க சார் நானும் சொல்லல. சின்னப் பிள்ளைங்க சுடணும்ல." அவள் தயங்கினாள். "அப்ப ஞாயித்துக்கிழமை நான் போகலாமா சார்?"

"அதெப்படிம்மா? தீர்மானம் போட்டாச்சே."

சொல்லிவிட்டு அவள் தலையில் கையை வைத்தார்.

"ஆனா, கடைசி வரைக்கும் நீ வாயைத் திறக்கல பாரு... அதுக்குப் பேர்தாம்மா நன்றி."