கப்பல் வேலை

“அவரு இன்னிக்கி கண்டிப்பா வருவாராம்மா?”

திருவொற்றியூர் கோர்ட்டு வாசலில் சிலுவைமுத்து மறுபடியும் கேட்டார். எண்ணூர் மீனவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மழமழவென்று சவரம் செய்த முகமுமாக, மாதா கோயில் திருவிழாவுக்குக் கிளம்பிய மாதிரி வந்திருந்தார்.

“வருவான். இந்தத் தடவையும் வராட்டி ஜாமீன் போயிடும்,” என்றாள் அரசு வக்கீல் செங்கொடி. “நேருக்கு நேரா நிக்க வைக்கிறேன். பயப்படாம உண்மையைச் சொல்லுங்க, போதும்.”

“பயம் இன்னாம்மா பயம்? அவரை ஒரு தபா கண்ணால பாக்கணும்னுதானே வாய்தா வாய்தாவா வந்துகினு கீறேன்.”

அப்பாடா என்றிருந்தது செங்கொடிக்கு. வயிற்றெரிச்சலிலும் மரியாதை விடாத மனுஷன். இந்த எரிச்சல் அணையாமல் இருந்தால் சரி.

இணையக் குற்றம் என்றாலே அந்தக் கோர்ட்டில் எல்லாருக்கும் இளக்காரம். அப்போது 2004. கம்ப்யூட்டர் களவுபோன கேஸ் என்றால் அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள்ளேயே களவு நடந்தது என்றால், ‘அதை எப்படிம்மா மகஜர்ல எழுதுறது?’ என்பார்கள்.

விம்கோ நகரில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத கப்பல் கம்பெனிக்கு வெப்சைட் போட்டான் அருள்பிரகாசம். சிங்கப்பூர் கப்பலில் வேலை என்று அதில் பார்த்துவிட்டு, எண்ணூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் பையன்கள் அவனைத் தேடிப் போய்ப் பணம் கட்டினார்கள். சிலுவைமுத்து படகு என்ஜினை விற்று மகன் பிராங்கிளினுக்காகக் கட்டினார். கப்பலும் வரவில்லை, கட்டுமரமும் வரவில்லை.

அவனைப் பிடித்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். வெப்சைட்டை மூடச் சொல்லி செங்கொடி எழுதாத ஆபீஸ் இல்லை. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. சர்வர் அமெரிக்காவில் இருக்கிறதாம். வெப்சைட் அது பாட்டுக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஏமாந்தவர்களில் பாதிப் பேர் வெளியே பேசி முடித்துக்கொண்டு கூண்டில் வந்து வாய் மாறினார்கள். மிச்சப் பேர் சம்மனை வாங்கி மடித்து வைத்ததோடு சரி. கடைசியில் மிஞ்சியவர் சிலுவைமுத்து ஒருத்தர்தான். இவரும் கவிழ்ந்தால் அருள்பிரகாசம் நாளைக்கே அடுத்த கடையைத் திறந்துவிடுவான்.

கூப்பிட்டார்கள். சிலுவைமுத்து கூண்டேறி, கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

“எதிர்க் கூண்டுல நிக்கிறவரைத் தெரியுதா?” என்று செங்கொடி கேட்டாள்.

சிலுவைமுத்து திரும்பினார். அருள்பிரகாசத்தைப் பார்த்ததும் சட்டென்று கைகூப்பினார். முகமெல்லாம் பல்.

“தெரியாம இன்னா! எம் புள்ளையக் கப்பல்ல ஏத்திவுடப் போறவரு.”

“ஏத்திவிடுறேன்னு உங்களை என்ன பண்ணினார்? அதைச் சொல்லுங்க.”

“ஒண்ணும் பண்லியேம்மா. நல்ல மனுசன்.”

விலைக்கு வாங்கிவிட்டானா, பாவி? செங்கொடி அருள்பிரகாசத்தைப் பார்த்தாள். அவனே திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “அப்புறம் எதுக்குய்யா போலீஸ்ல புகார் குடுத்தே?”

“லேட்டாவுதே, போலீசு ஒரு வார்த்தை சொன்னா சீக்கிரம் அனுப்புவாருன்னு போனேன் ஐயா. அவங்க இன்னாடான்னா இவரையே புடிச்சி உள்ள வெச்சிட்டாங்கோ! பேஜாராப் போச்சி. மன்னிப்பு கேக்கலாம்னு வந்தா, இவரு எந்த வாய்தாவுக்கும் வர்றதில்ல.”

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. சிரிக்காதது செங்கொடியும் சிலுவைமுத்துவும்தான்.

“என்ன மேடம், பிறழ் சாட்சியா?” நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார்.

“ஒரு நிமிஷம், ஐயா.” கூண்டருகே ஓடினாள். “பெரியவரே, அது போலிக் கம்பெனி. கப்பலே கிடையாது. தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, காதுலயே விழலையா?”

“போலின்னா எப்டிம்மா பதில் போடுவாங்கோ?” சிலுவைமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது. “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பையன் நெட்டு கடைக்குப் போயி கம்பெனிக்கு மெயிலு வுடுறான். வுட்ட கையோட பதிலு வந்து நிக்கிது. ‘உங்க அப்ளிகேசன் பரிசீலனையில கீது, பொறுமையா இருங்க’ன்னு. வாரா வாரம் வருதும்மா. ஒரு எழுத்து மாறாம வருது!”

செங்கொடிக்குப் புரிந்துவிட்டது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அதை மனுஷங்க யாரும் எழுதலைங்க. யார் மெயில் போட்டாலும் அந்த மெஷினே தானா ஒரு பதிலை அனுப்பிடும். அவ்வளவுதான்.”

சிலுவைமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“ஆத்துல கரண்டு கம்பெனி சாம்பலு கலந்து மீனெல்லாம் செத்துப்போச்சின்னு குப்பமே சேந்து எத்தினி மனு குடுத்தோம். ஒரு மனுசனாவது பதில் போட்டானா?” என்றவர், அவளைப் பார்த்துச் சொன்னார்:

“மெசினாவது போடுதேம்மா.”