லேமினேட் செய்த உடம்பு

"குடத்த வெளிய வெச்சுட்டு வா புள்ள. வைத்திய முகாமுக்கு யாராச்சும் காலிக் குடத்தோட வருவாங்களா?"

லிங்கசாமி போட்ட அதட்டலில், அரவேணு சமுதாயக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மனைவி வேலாமணி இரண்டு பிளாஸ்டிக் குடங்களையும் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, வலது முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

கோயமுத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை மலையேறி வரும் ஆயுர்வேத மருத்துவர் வர்ஷா, "சொல்லுங்க, யாருக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. போன மாசம் இங்க குடுத்த தாள்ல இருக்கறபடிதான் வாழ்ந்துட்டிருக்கறேன். ஆளே மாறிட்டனுங்க."

பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தான். எழுத்து அழிந்துவிடக் கூடாதென்று கோத்தகிரிக்கே போய் லேமினேட் செய்திருந்தான்.

"நமக்குப் பித்த உடம்புங்க. கூர்மையான புத்தி, சுருக்குனு வர்ற கோவம், நாலு பேர வேலை வாங்கற தெறமை. என்னைய நேர்ல பாத்து எழுதுன மாதிரியே இருக்குதுங்க!"

லிங்கசாமிக்குக் கட்டபெட்டு பக்கம் ஒரு பேக்டரியில் பச்சைத் தேயிலையை எடை போடும் வேலை. அங்கே அவன் நாலு பேரை வேலை வாங்கி யாரும் பார்த்ததில்லை. அவனை எழுப்பி வேலை வாங்கத்தான் நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

"சரி, ஊட்ல எப்படி நடந்துக்கறீங்க?"

"பித்த உடம்புக்காரன் ரொம்ப அலட்டிக்கக் கூடாதுன்னு பின்னாடி அச்சடிச்சிருக்குதுங்களே. அதனால பாரம் தூக்கறதில்ல. நெய் ஊத்திச் சாப்பிடறேன். மத்தியானம் ஒரு தூக்கம். இவளுக்குத்தான் கப உடம்புங்க. கபம்னா மந்தம். உழைச்சாத்தான் கரையும். ரோட்டுல இருந்து எங்கூட்டுக்கு எண்பத்திரண்டு படி. தண்ணி லாரி வந்தா பன்னெண்டு குடத்தையும் இவளேதான் ஏத்தறா. அதான் இவளுக்கு மருந்து. ஆனா பாருங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா. நீங்க ஒரு வார்த்த எடுத்துச் சொல்லணுங்க."

வர்ஷா வேலாமணியைப் பார்த்தார். எலும்பு துருத்திய மணிக்கட்டு. வெடித்த உதடு. குச்சி விரல்கள்.

"இவங்களுக்குக் கபம்னு யாரு சொன்னது?"

"நானேதானுங்க. பாத்தாலே தெரியலீங்களா? ஒரு குடம் ஏத்துனா மூணு எடத்துல உக்கார்றா."

வர்ஷாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் விளக்கிச் சொல்வதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. கோபத்தைவிட அதுதான் முதலில் வந்தது.

"உடல்வாகுங்கறது ஒருத்தர் பொறக்கறப்பவே அமைஞ்சிடறது. எலும்போட கனம், தோலு, பசி, தூக்கம், இது அத்தனையும் பாக்கணும். மூணு விரல் வெச்சு நாடி பாக்கணும். அதோட முடியாது. இந்த ஊர்க் குளிருக்கு எல்லார் கையும்தான் வறண்டிருக்கும். அது உடல்வாகா, குளிரான்னு பிரிச்சுப் பாக்கணும். படி ஏற முடியாம உக்கார்றதுக்குப் பேரு மந்தம் இல்லீங்க, வலி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். லிங்கசாமியின் உருண்டைக் கன்னம் சிவந்தது.

"பாத்தீங்களா, கோவம் வருது! பித்தம்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு எழுந்து நின்றான். "இத்தன பேரு முன்னாடி சொல்றனுங்க. டாக்டர் எழுதுனா எழுதுனதுதான். அதுல ஒரு எழுத்து மாறாம நடப்பான் இந்த லிங்கசாமி!"

வேலாமணி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "நெசமாத்தானுங்களா?"

"நெசந்தான் புள்ள! நானும் நடப்பேன், நீயும் நடக்கணும்!"

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் அவள், வரிசையைப் பார்த்து.

வர்ஷா அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் கையெழுத்து எங்கீங்க?"

"அதுல... இருக்குமுங்களே."

"இது நாங்க உங்ககிட்ட நிரப்பச் சொல்லிக் குடுத்த கேள்வித்தாள். கூர்மையான புத்திக்கு நேரா டிக் போட்டது நீங்க. உங்களப் பத்தி நீங்க என்ன நெனச்சுட்டு இருக்கறீங்கன்னு தெரிஞ்சுக்க மட்டுந்தான் இது. அப்புறம் நாடி பாத்து நான் எழுதிக் குடுத்த மஞ்சச் சீட்டு எங்க?"

லிங்கசாமி தலையைச் சொறிந்தான். "நாடி பாத்ததும் நான் பஜ்ஜிக் கடைக்குப் போயிட்டனுங்க..."

"நான் வாங்கி வெச்சிருக்கறனுங்க." வேலாமணி பர்ஸிலிருந்து நாலாக மடித்த இரண்டு மஞ்சள் சீட்டுகளை எடுத்து நீட்டினாள். "ஊட்ல காட்டியிருந்தா கிழிச்சு அடுப்புல போட்டிருப்பாருங்க. அதான் அடுத்த முகாம் வரைக்கும் பொறுத்துட்டேன்."

வர்ஷா சத்தமாகப் படித்தார். "வேலாமணி. வாதம். முழங்காலுக்குத் தினமும் எண்ணெய், சூடான சாப்பாடு, பாரம் தூக்கவே கூடாது. லிங்கசாமி. கபம். நெய் கூடாது, பகல் தூக்கம் கூடாது. தினமும் வேர்க்க வேர்க்கச் சுமை தூக்கி மேடு ஏற வேண்டும்."

கீழே ரோட்டில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

வேலாமணி குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த குடங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கணவனின் இரண்டு கைகளிலும் மாட்டினாள்.

"உங்களுக்குன்னுதானுங்க இதக் கொண்டாந்தேன்."