பார்வையற்றவர் வேடத்துக்கு ஆள் தேவை

“கண்ணை மூடிக்கிட்டுல்ல நடிக்கணும்? வேஷம் என்னன்னு சரியாக் கேட்டீங்களா?” என்றார் உதவி இயக்குநர் நொனாகா.

“கேட்டேன் தம்பி. சாமுராய்ங்க இருந்த எடோ காலத்துல வீடு வீடாப் போய் உடம்பு பிடிச்சுவிடுற பார்வையில்லாத ஆள். அதுக்கு எதுக்குக் கண்ணை மூடணும்?” என்றார் உகாய்.

கியோட்டோவின் அந்த ஸ்டுடியோவில் காலையிலிருந்து பதின்மூன்று நடிகர்கள் வந்து போயிருந்தார்கள். அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு காற்றைத் துழாவினார்கள். ஒருவர் வேண்டுமென்றே தூணில் முட்டி, நெற்றி வீங்கியதுதான் மிச்சம்.

பதினான்காவது ஆள் உகாய். ஐம்பது வயதில், மனைவியோடு கைகோத்தபடி உள்ளே வந்தார். போன வாரம்தான் கல்யாணமா என்று நொனாகா சீண்டினார். “இருபத்தாறு வருஷம் ஆச்சு. விட்டா தொலைஞ்சிடுவேன்னு அவளுக்குப் பயம்” என்றார் உகாய். அறையே சிரித்தது. மனைவி அவரைப் பாயில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனாள்.

இதே மாதிரி வேடம் கேட்டு ஆறு கம்பெனி ஏறி இறங்கிவிட்டாராம். ஆறிலும் மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார்களாம். இதுவும் போனால் நடிப்பையே விட்டுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறாராம்.

உண்மையிலேயே பார்வையற்ற ஒருவரைப் போடத்தான் இயக்குநர் மிசாவோ ஆசைப்பட்டாள். வாள் வீசுகிற இடம், காப்பீடு கிடைக்காது என்று தயாரிப்பாளர் ஓகிதா மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, விலை குறைந்த சமாதானமாக, ஓர் ஆலோசகரைப் பிடித்துப் போட்டார். சமூகப் பிரதிநிதித்துவம் பற்றி மூன்று புத்தகம் எழுதிய பேராசிரியர் ஷிமோதா.

அவர் இப்போது உகாயைத் திருத்தினார். “பார்வையில்லாதவங்க கழுத்தை லேசா சாய்ச்சு வெச்சுக்குவாங்க. கை இவ்வளவு நிதானமா இருக்காது.”

“அப்படிங்களா? இத்தனை நாள் தெரியாமப் போச்சு. நன்றிங்க” என்று குனிந்தார் உகாய். கழுத்தை மட்டும் சாய்க்கவில்லை.

வாடிக்கையாளராக உட்கார்ந்த நொனாகாவின் தோளில் கை வைத்தார். தினமும் இடது தோளில் எதையோ சுமக்கிறீர்கள், சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிக்கிறீர்கள் என்றார். நொனாகா அதற்குள் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

“கண்ணு திறந்தே இருக்கட்டும். இவர்தான்” என்றாள் மிசாவோ.

நம்பும்படியாகவே இல்லை என்று ஷிமோதா முனகினார். உகாயோ நெற்றி பாயில் படும்படி வணங்கினார். எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

சம்பளத்தில் ஓகிதா கால்வாசியைக் குறைத்தார். உகாய் மறுபேச்சுப் பேசவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னார். இவ்வளவு மலிவாகப் பேரம் படிந்த மகிழ்ச்சியில் ஓகிதா உடனே எழுதிக் கொடுத்தார். அந்த வரியை நொனாகாவை விட்டு இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார் உகாய்.

“முதல்ல உங்க முத்திரை விழட்டும். அதுதான் மரியாதை.”

கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையை ஓகிதா குத்தினார்.

உகாய் சட்டைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்தார். மேல்பக்கம் எது என்று அதன் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னொரு கையை இயக்குநரை நோக்கி நீட்டினார்.

“ரொம்ப நன்றி, டைரக்டரம்மா. எங்க குத்தணுமோ அங்க என் விரலைப் பிடிச்சு வையுங்க. வழக்கமா என் சம்சாரம்தான் காட்டுவா.”