முதலாளியம்மா வீட்டு இத்தாலிய ரொட்டி

அம்மா பதினொரு வருடம் முதலாளியம்மா வீட்டில் மாவு பிசைந்தாள். அந்த வீட்டு மிக்சி பிளேடில்தான் அவள் மோதிர விரல் பாதி போனது. "அந்தக் கை பட்டா எனக்குக் குமட்டுது" என்று மறுவாரமே முதலாளியம்மா அவளை வேலையை விட்டு நிறுத்தினாள். போன வருடம் அம்மா செத்துப்போனாள்.

இப்போது ரொட்டி மெஷின் வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள் முதலாளியம்மா.

"நீதான் பட்டம் வாங்கினவளாச்சே, ஓட்டிக் காட்டுடி."

அந்த முகத்தை ஒருமுறை பார்க்கத்தான் போனேன். தண்ணீர், எண்ணெய், உப்பு, மாவு, ஈஸ்ட் போட்டு, இத்தாலிய ரொட்டிக்கான பொத்தானை அமுக்கினேன். மூன்று மணி நேரம் இருவரும் அங்கிருந்து நகரவில்லை. மூடியைத் திறந்தால், ரொட்டியின் மேல் நான்கு விரல்கள் அழுந்திய குழிகள். மோதிர விரலின் குழி மட்டும் பாதி.

"நீ தொட்டியாடி?"

"கண்ணு கொட்டாம பாத்துட்டுதானே இருந்தீங்க?"

குப்பையில் வீசிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். வைத்தேன். இந்த முறை குழிகள் இன்னும் ஆழம்.

"இதை என்னடி பண்றது?" குரல் இறங்கியிருந்தது.

"சாப்பிடுங்க. இல்லேன்னா இன்னொண்ணு வைக்கிறேன்."

அம்மா ஒருநாளும் உட்காராத நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். முதலாளியம்மா பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். கடைசித் துண்டு தொண்டையில் இறங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.