அலை எழுப்பாமல் போ!

"யோவ், இன்ஜினை நிறுத்துய்யா! கரை சரியுதுல்ல!"

ஏரிக்கரை மேல் நின்று தொண்டை கிழியக் கத்தினார் கஜபதி. கையில் சிவப்புத் துண்டு. மடித்துக் கட்டிய வேட்டி முழுக்கச் சேறு.

படகோட்டி தங்கவேல் காதில் வாங்கவே இல்லை. எண்ணூர்க் கடலில் ஓட்டிப் பழகிய கை. மூன்று நாள் மழையில் கோவில்பதாகை ஏரி தளும்பி, ஏரிக்குள்ளேயே மனை வாங்கி வீடு கட்டியவர்கள் எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறியிருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக, அவனையும் படகையும் அன்று காலைதான் லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள்.

படகு சீறிக்கொண்டு வந்து கரையோரம் திரும்பி நின்றது. பின்னாலேயே வந்த அலை ஓங்கி அடித்தது. அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் இரண்டு சரிந்தன. கூடவே ஒரு கூடை மண்ணும் தண்ணீருக்குள் போனது.

"பாத்தியா? மூணு நாளா ஊறிப்போன மண்ணு நைனா. நீ இப்பிடியே பத்து தபா வந்து போனா கரையே இருக்காது."

"இன்னா பெர்சு, படகு அலைக்கு ஏரிக்கரை உடைஞ்சிடுமா? நான் கடலையே பாத்தவன்!"

"உன் கடலுக்குக் கீழ முந்நூறு ஊடு இல்ல. இங்க கரைக்கு அந்தாண்ட பள்ளத்துல கீது."

அதற்குள் புளியோதரைப் பொட்டலங்களைப் படகில் அடுக்கி முடித்திருந்தார் பார்த்தசாரதி. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர். கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சமூக சேவைக்கு முதல் ஆளாக வந்து நின்றவர், வெயிட்டிங் என்றால் மட்டும் ஆகாது.

"கிளப்புப்பா! அந்தக் கடைசி வீட்டுல நேத்து ராத்திரியிலிருந்தே சாப்பாடு இல்லையாம்."

கஜபதி சட்டென்று குனிந்து, படகின் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"இப்ப இன்ஜினைப் போட்டியானா என்னையும் சேத்து இஸ்துகினுதான் போவணும். அதோ, பனைமரம் வரைக்கும் துடுப்பு. அதுக்கப்புறம் இன்ஜின் போடு. ஆனா பின்னால அலை எழும்பக் கூடாது."

"அங்க பசியோட உக்காந்திருக்காங்க, உமக்கு மனசாட்சியே இல்லையா?" பார்த்தசாரதிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பசி தாங்கும் சார். கரை தாங்காது."

"உன் ஊடு கரைக்குக் கீழ கீதா பெர்சு? அதான் இந்தக் குதி குதிக்கிறியா?" என்றான் தங்கவேல்.

"கீழ முந்நூறு ஊடு கீதுன்னேனே. போய் எண்ணிப் பாரு."

வேறு வழியில்லாமல் தங்கவேல் துடுப்பை எடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான் கஜபதி முடிச்சை அவிழ்த்தார்.

படகு ஆடி அசைந்து போனது. பனைமரம் தாண்டி இன்ஜினைப் போட்டபோதும், கரையில் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டேயிருந்ததால் தங்கவேலுக்கு வேகம் கூட்டத் தைரியம் வரவில்லை. கூடவே ஏறிக்கொண்ட பார்த்தசாரதி வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். கலெக்டருக்கு மனு எழுதப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு மாடியிலும் பொட்டலத்தைக் கொடுக்கும்போது, தாமதத்துக்குக் காரணம் யார் என்பதையும் சேர்த்தே கொடுத்தார்.

கடைசி வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். மாடியில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்கு அடியில், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இரண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் பஞ்சவர்ணம் என்றாள். நீட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்ட கையோடு சண்டைக்கு வந்தாள்.

"ஏம்பா, இதுக்குப் பேரு மோட்டார் படகா? என் ஆடு இதவிட வேகமா நீந்தும்!"

"எங்களைச் சொல்லாதீங்கம்மா. எல்லாம் கரையில நிக்கிற அந்த ஆள் பண்ற அட்டகாசம். தன் வீட்டைக் காப்பாத்திக்க ஏரியில இருக்கறவங்களையெல்லாம் பட்டினி போடறான்."

பஞ்சவர்ணம் பார்த்தசாரதியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள்.

"அவருக்கு அங்க ஊடும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். கீழ கீற மனையெல்லாம் அவரோட நெலமா இருந்தது. 'இங்க ஒரு சொட்டுத் தண்ணி வராது'ன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணி வித்துட்டாரு. இப்ப அந்தச் சத்தியத்துக்குக் காவல் நிக்கிறாரு!"

பார்த்தசாரதி திரும்பிக் கரையைப் பார்த்தார்.

"நானும் சொல்லிப் பாத்தேன்," என்றாள் பஞ்சவர்ணம். "கரை உடைஞ்சா உடையட்டும்யா, பொழுது சாயறதுக்குள்ள ஏரி வடிஞ்சிடும், நானும் கீழ எறங்கி அடுப்பு பத்த வெப்பேன்னு சொன்னேன். கேட்டாத்தானே!"

"நீ சொன்னா அந்தப் பெர்சு ஏம்மா கேக்கப் போவுது?" என்றான் தங்கவேல்.

பஞ்சவர்ணம் பொட்டலத்தைப் பிரித்து, பாதிப் புளியோதரையை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டாள். மீதியை மறுபடி நன்றாக மடித்து அவனிடம் நீட்டினாள்.

"இத அவருகிட்ட குடுத்துடு நைனா. விடியக்காலைல லாரி டியூபைப் புடிச்சிகினு இந்த மாடியிலேர்ந்து குதிச்சுப் போனாரு எங்க ஊட்டுக்காரரு, இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல."